எட்டரை வால்

என் தம்பி பொண்டாட்டி ஜெயிச்சுட்டா. இதை முதல்லயே சொல்லிடறேன். ஒரு நாத்தனார் வாயால இப்படி ஒரு வார்த்தை வர்றது லேசுல நடக்கற காரியம் இல்ல, அதனால கேட்டுக்கோங்க. ஒன்பது டாபர்மேன் குட்டி. ஒன்பதும் உயிரோட, ஒன்பதுக்கும் நல்ல வீடு. அதுல எட்டுக்கு முழு வால், ஒண்ணுக்கு மட்டும் கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு முளை. "மொத்தம் எட்டரை வால்"னு என் தம்பி கணக்குச் சொல்லுவான். அந்த அரை வால் ஆனது என்னாலதான். அதையும் நானே சொல்லிடறேன், மத்தவங்க சொன்னா கூட ரெண்டு சேர்த்துச் சொல்லுவாங்க.

அவ டெய்லர். வீட்டோட முன் ரூம்தான் கடை. ரெண்டு மெஷின், ஒரு நீள மேஜை, மூலையில திரை போட்டு துணி போட்டுப் பார்க்கற இடம். அதுக்குப் பின்னால ஹால், சமையலறை, என் ரூம். நான் முப்பத்தொரு வருஷம் பிரசவ வார்டுல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆகி தம்பி வீட்டுக்கு வந்தவ. அவ வாயில எப்பவும் நாலு குண்டூசி இருக்கும், அதனால பேச்சு கம்மி. வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் நானே பேசிடுவேன், குறை வைக்க மாட்டேன்.

அவ வளர்த்த பெண் டாபர்மேன் பேரு ஊசி. ஒல்லியா, கறுப்பா, விறைப்பா இருக்கும். எனக்கு நாய்னாலே ஆகாது. மெஷினுக்கு அடியில அது படுத்திருந்தா நான் சுத்திக்கிட்டுத்தான் போவேன். "அண்ணி, அது ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லுவா. "நானும் ஒண்ணும் பண்ணல, அதனாலதான் தள்ளிப் போறேன்"னு சொல்லுவேன்.

முதல் ஈத்துல ஊசிக்கு ஆறு குட்டி. டாபர்மேன்னா பொறந்த அஞ்சு நாளுக்குள்ள வாலை வெட்டிடுவாங்க, அதுதான் வழக்கம்னு ஊரே சொல்லிச்சு. கால்நடை காம்பவுண்டர் வந்தார். ஆறையும் பிடிச்சுக்கிட்டது இவதான். கடைசிக் குட்டிக்கு ரத்தம் நிக்கவே இல்ல. மத்தியானத்துக்குள்ள போயிடுச்சு. அதை ஒரு லைனிங் துணியில சுத்தி மடியில வெச்சுக்கிட்டு மெஷின் முன்னால உக்காந்திருந்தா. "வெட்டறது என் தொழில் அண்ணி. துணியை வெட்டினா தைச்சுடுவேன். இதை யார் தைப்பாங்க?"ன்னு கேட்டா. ஒரு நாய்க்குட்டிக்கு இவ்வளவான்னுதான் நினைச்சேன். உண்மையைச் சொல்றேன், அப்படித்தான் நினைச்சேன்.

ரெண்டாவது ஈத்துலதான் இந்த ஒன்பது. காலையில ஊசிக்கு உடம்புச் சூடு இறங்கிடுச்சு, இன்னிக்கே குட்டி போட்டுடும்னு தெர்மாமீட்டரைத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்தா. நாய்ப் பிரசவம் பார்க்க எனக்கு என்ன தலையெழுத்தான்னு கேட்டுக்கிட்டே கையைக் கழுவினேன். கை பழகின வேலை, சும்மா இருக்குமா? மரப்பலகையில பெட்டி செஞ்சு வெச்சிருந்தா. அம்மா திரும்பிப் படுக்கும்போது குட்டி சுவரோட நசுங்கக்கூடாதுன்னு உள்பக்கம் நாலு பக்கமும் கட்டை அடிச்சிருந்தா. அதைப் பார்த்ததும் பரவாயில்ல, புத்தி இருக்குன்னு எனக்கே தோணிச்சு. எட்டு மணிக்கு முதல் குட்டி, நாலு மணிக்கு ஒன்பதாவது. மனுஷப் பொம்பளைங்க புருஷன்ல ஆரம்பிச்சு டாக்டர் வரைக்கும் திட்டித் தீர்ப்பாங்க, நான் கேட்காத திட்டு இல்ல. ஊசி ஒரு முனகல் இல்ல. மூணாவது குட்டி மூச்சு விடாம வந்தது. வாயில இருந்த கோழையை எடுத்து, துண்டால முதுகைத் தேய் தேய்னு தேய்ச்சேன். ஒரு நிமிஷம் கழிச்சு 'கீ'ன்னுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வேர்வைன்னு சொல்லிட்டேன்.

ஒன்பதும் ஒரே அச்சு. கறுப்பு உடம்பு, புருவத்துல பழுப்புப் பொட்டு. அடையாளத்துக்கு ஒவ்வொண்ணு கழுத்துலயும் ஒரு நிறத்துல லைனிங் துணி நாடா தைச்சுக் கட்டினா. நான் தேய்ச்சு எழுப்பினது சிவப்பு. சமையலறைத் தராசுல ஒவ்வொண்ணா நிறுத்து சுவத்துல ஒட்டின தாள்ல எழுதினா.

அன்னிக்குச் சாயங்காலமே போனை எடுத்தா. முன்கூட்டியே குட்டி கேட்டு வெச்சிருந்தவங்க அஞ்சு பேர். எல்லாருக்கும் ஒரே சேதிதான்: "காது, வால் எதையும் வெட்டறதா இல்லைங்க. பொறந்த மாதிரியேதான் தருவேன்." அஞ்சு பேரும் வேண்டாம்னுட்டாங்க. ஒருத்தர், "வாலோட வேணும்னா நான் தெருவுலயே ஒண்ணைப் பிடிச்சுக்கறேனே, நீங்க எதுக்கு?"ன்னு சிரிச்சார். முதலுக்கே மோசம்.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். எத்தனை மாடின்னாலும் கயித்துல தொங்குவான், வீட்டுல ஒரு பிரச்சனைன்னா முட்டி நடுங்கும். ஒன்பது டாபர்மேன் வளர்ந்து நின்னா நாம எங்க நிக்கறதுன்னு அவன் கவலை அவனுக்கு. நேரா கண்ணாடிக் கடைக்காரர்கிட்ட போனான். அவருக்கு ஊருக்கு வெளியே ஆறு கோடவுன் இருக்கு. குட்டிங்களுக்குப் பன்னெண்டு வாரம் ஆனதும் மிச்சம் இருக்கறதையெல்லாம் காவலுக்குத் தானே எடுத்துக்கறதாச் சொல்லிட்டார். இவனும் வாக்குக் குடுத்துட்டு, ஏதோ தங்க மெடல் வாங்கினவன் மாதிரி வந்து சொன்னான்.

அவ வாயில இருந்த குண்டூசியை ஒவ்வொண்ணா எடுத்து மேஜை மேல இருந்த பஞ்சு உருண்டையில குத்தினா.

"அந்த கோடவுனுக்குத் திரைக்கு அளவெடுக்க நான் போயிருக்கேன்"னா. "அங்க ஒரு நாய் இருக்கு. சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குத் தரை வட்டமாத் தேய்ஞ்சு கிடக்கு. ஆள் வந்தாக்கூட அது எழுந்திருக்கல. நீங்க வாக்குக் குடுத்துட்டீங்க, சரி. பன்னெண்டு வாரம். அதுக்குள்ள ஒன்பதுக்கும் வீடு பார்க்கறேன். மிச்சம் இருந்தா உங்க இஷ்டம்."

இப்ப என் கதைக்கு வரேன். வால் இருக்கறதாலதானே யாரும் கேட்கல, வாலை எடுத்துட்டா வரிசையில நின்னு வாங்கிட்டுப் போவாங்க, கோடவுனும் வேண்டாம் அழுகையும் வேண்டாம்னு எனக்கு ஒரு புத்தி. தலை இருக்க வால் ஆடக்கூடாதுன்னு வேற ஒரு திமிர், வீட்டுல மூத்தவ நான்தானே! நாலாம் நாள் பள்ளிக்கூட யூனிஃபார்முக்கு அளவெடுக்க அவ கிளம்பினா, வர மூணு மணி நேரம் ஆகும்னா. அவ தெரு முனை திரும்பறதுக்குள்ள நான் காம்பவுண்டருக்குப் போன் பண்ணிட்டேன்.

ஊசியைப் பின்பக்கம் விட்டுக் கதவைச் சாத்தினேன். காம்பவுண்டர் துண்டை விரிச்சு கத்தரியைத் துடைச்சார். கைக்கு முதல்ல வந்தது சிவப்பு. நான்தான் பிடிச்சேன். ஒரு வெட்டு, அவ்வளவுதான். அந்தக் கத்தல் இருக்கே, அதைக் கேட்டதும் ஊசி பின்கதவுல வந்து மோதின மோதல்ல தாழ்ப்பாள் ஆணியே வெளிய வந்துடுச்சு. காம்பவுண்டர் மஞ்சள் நாடாவை எடுக்கக் கையை நீட்டறார், முன்கதவு திறக்குது. வாசல்ல அவ. அளவு டேப்பை மறந்துட்டுப் போயிருந்தா. இத்தனை வருஷத்துல அவ டேப்பை மறந்தது அந்த ஒரு நாள்தான்.

கையும் களவுமா பிடிபட்டேன்னு சொல்லுவாங்களே, என் கையில ரத்தம், கத்தரி பக்கத்துல. அவ கத்தல. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நான் நாலு திருப்பிச் சொல்லி மனசை ஆத்திக்கிட்டிருப்பேன். சிவப்பை என் கையில இருந்து வாங்கி, பஞ்சை வெச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "குடு, நான் கட்டுப் போடறேன்"னேன். "வேண்டாம் அண்ணி." காம்பவுண்டர் பெட்டியை மூடிக்கிட்டு நடையைக் கட்டினார். கால் மணி நேரம் அவ விரலை எடுக்கல. நான் சுவரோரமா நின்னுக்கிட்டு அவ முகத்தைப் பார்க்கல, அந்தப் பஞ்சையேதான் பார்த்தேன். ரத்தம் நின்னுச்சு.

எத்தனை ஆயிரம் குழந்தைங்களைக் கையில வாங்கியிருக்கேன். பெத்தவளைக் கேட்காம ஒரு குழந்தைக்கு ஒரு ஊசி குத்தினதில்ல. சொந்த வீட்டுல, மூச்சில்லாம வந்ததை நானே எழுப்பிட்டு, நானே வெட்டப் பிடிச்சேன். வெட்கமா இருந்தது. ஆனா மன்னிப்புக் கேட்க வாய் வரல. எல்லாத்துக்கும் வர்ற வாய் அதுக்கு மட்டும் வரல.

மறுநாள்ல இருந்து அஞ்சரை மணிக்கு எழுந்து ஒன்பதையும் நான் நிறுக்க ஆரம்பிச்சேன். யாரும் கேட்கல, நானே செஞ்சேன். எடை ஏறாத குட்டியைப் பின்னங்காம்புல பிடிச்சு விடுவேன், அங்கதான் பால் அதிகம். கொழுத்ததை முன்னால தள்ளுவேன். அம்மா மடியைக் கீறாம நகத்தை வெட்டி விடுவேன். இதை மட்டும் கேட்டுட்டுத்தான் வெட்டினேன். "ம்"னா. பதினோரு நாளைக்கு அப்புறம் அவ எங்கிட்டப் பேசின முதல் பேச்சு அந்த 'ம்'தான்.

கண்ணு திறந்துச்சு, காலு வந்துச்சு, அப்புறம் வீடு எங்க கையில இல்ல. மெஷின் சத்தம்தான் அதுங்களுக்குத் தாலாட்டு. அவ மிதிச்சா தூங்கும், நிறுத்தினா ஒன்பதும் எழுந்து கத்தும். பேப்பர் போட்டு மாளல, துடைச்சு மாளல. ஒரு வக்கீலுக்குத் தைச்சு வெச்சிருந்த கறுப்புக் கோட்டு. தொங்கின இடத்துலயே இடது கை காணாம போச்சு. நீலம் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் இழுத்து, வழக்கை அங்கயே முடிச்சுட்டுதுங்க. அவ புதுசாத் துணி எடுத்து மறுபடி முழுக் கோட்டும் தைச்சா.

எட்டாவது வாரம் ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. வந்தவங்க எல்லாரும் கூட்டத்தைப் பார்த்துட்டு ஒரே இடத்துல விரலை நீட்டினாங்க. "அந்த வெட்டின குட்டி, அதைக் குடுங்க." மத்த எட்டும் அவங்க காலடியில வாலாட்டிக்கிட்டு நிக்கும், கண்ணுலயே படாது. அவ, "வாலைப் பார்த்து வர்றவங்களுக்கு இங்க நாய் இல்லைங்க"ன்னு சொல்லி அனுப்பிடுவா. பத்து பேரை அப்படி அனுப்பினா. என் தம்பி தலையில அடிச்சுக்கிட்டான். "சிவப்பையாவது குடேன், ஒண்ணு குறையுமே!"

"குடுத்தா மத்த எட்டுக்கும் இனிமே யாரும் வர மாட்டாங்க. வால்தான் குறைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்"னா.

ஒன்பதாவது வாரம் முடிஞ்சுது. ஒண்ணும் போகல. கண்ணாடிக் கடைக்காரர் வாசல் வழியாப் போகும்போது வண்டியை நிறுத்தி, "ஒன்பது சங்கிலி வாங்கி வெச்சுட்டேன்மா"ன்னு சிரிச்சுட்டுப் போனார். அன்னிக்கு அவ சாப்பிடல. நானும்தான்.

அப்பத்தான் அந்த வக்கீல் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். அவருக்கு நாய்னா சின்ன வயசுல இருந்தே நடுக்கமாம், வாசல்லயே சொல்லிட்டார். குட்டிங்களை ஹால்ல அடைச்சுட்டுத்தான் உள்ள விட்டோம். அவர் திரைக்குப் பின்னால போய் கோட்டை மாட்டறார், ஹால் கதவு எப்படியோ திறந்துக்கிச்சு. ஒன்பதும் திரைக்கு அடியில புகுந்துடுச்சு. உள்ள இருந்து சத்தமே இல்ல. போச்சுடா, ஆள் மயக்கம் போட்டுட்டார்னு நான் தண்ணி எடுக்க ஓடினேன்.

"அம்மா," மெல்லமா ஒரு குரல். "இதுங்க கோபமா இருக்கா, சந்தோஷமா இருக்கா? எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"வாலைப் பாருங்க சார்"னா அவ.

அப்புறம், "இது சந்தோஷமா இருக்கு. இதுவும். இது சும்மா வேடிக்கை பார்க்குது." திடீர்னு, "ஐயோ, இது வாலை உள்ள சுருட்டிக்கிச்சே! என்னைப் பார்த்து பயப்படுதும்மா!"

ஐம்பது வருஷத்துல அவரைப் பார்த்து பயந்த முதல் நாய் அதுதான் போல. மனுஷன் அப்படியே தரையில உக்காந்து, "பயப்படாதே, நானும் உன்னை மாதிரிதான்"னு அதுகிட்டப் பேசறார். திரையை விலக்கிப் பார்த்தா புதுக் கோட்டோட, மடியில பச்சை. அவர் கோட்டைத் தின்னதே அதுதான், நாங்க வாயைத் திறக்கல. "எனக்கு நாய் பயமில்லம்மா. அது மனசுல என்ன நினைக்குதுன்னு தெரியாததுதான் பயம். இதுதான் பின்னால கொடி கட்டிச் சொல்லுதே"ன்னார். பச்சை அவரோட போச்சு.

அவ கண்ணு ரெண்டும் விரிஞ்சதை நான் பார்த்தேன். நாய் தேடி வர்றவங்ககிட்டத்தானே இத்தனை நாள் மல்லுக்கு நின்னோம்? துணி தைக்க வர்றவங்களைக் கேட்கவே இல்லையே! மறுநாளே ஹால் கதவைக் கழட்டி வெச்சுட்டா. யார் அளவுக்கு வந்தாலும் குட்டிங்களுக்கு நடுவுலதான் நிக்கணும். தோள் அளவெடுக்கும்போது "வாலைப் பாருங்க," இடுப்பளவு எடுக்கும்போது "வாலைப் பாருங்க." பஸ் ஓட்டற அம்மா ஒருத்தங்க யூனிஃபார்ம் மாத்த வந்து மஞ்சளோட போனாங்க. பேக்கரிக்காரரும் அவர் மாமனாரும் வந்தாங்க, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல, ஆரஞ்சை மாத்தி மாத்தித் தூக்கி வெச்சுக்கிட்டே பேசிட்டாங்க. அச்சகத்துல வேலை பார்க்கற ஒரு பொண்ணு வந்தா, காது கேட்காது, வாயும் பேச வராது. எங்க அளவு நோட்டை வாங்கி எழுதிக் காட்டினா: "இது குரைச்சா எனக்குத் தெரியாது. வாலைப் பார்த்தா தெரியும்." நீலம் அவளோட போனதும் நான் சமையலறைக்குள்ள போய் அழுதேன். இந்தத் தடவை வேர்வைன்னு சொல்லல.

சும்மா தூக்கிக் குடுத்துட மாட்டா. ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்க ரெண்டு பேரும் போவோம். டேப்பால வேலி உயரம் அளப்பா, வாசக்கதவு இடுக்கு அளப்பா. நான் தண்ணி வைக்கற இடம், படுக்கற இடம் பார்ப்பேன். அப்புறம் ஒரு தாள்ல எழுதி வாங்குவா. சங்கிலியில கட்ட மாட்டேன், வீட்டுக்குள்ள தூங்க வைப்பேன், எதையும் வெட்ட மாட்டேன், முடியலைன்னா திருப்பித் தந்துடுவேன். கீழ கையெழுத்து. நான் வார்டுல பார்த்த பெரிய டாக்டருங்க கூட இவ்வளவு கண்டிப்பு இல்ல.

பன்னெண்டாவது வாரம் சனிக்கிழமை மூணு பாக்கி. மத்தியானம் ஒண்ணு போச்சு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வர்றதாப் பேச்சு. ஒன்பதரைக்கு ஒரு புருஷனும் பொண்டாட்டியும் வந்து கையெழுத்துப் போட்டு வெள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. எட்டு! என் தம்பி வாசல்ல நின்னு எட்டு எட்டுன்னு குதிக்கறான், வேன் வந்து நின்னுச்சு.

கடைக்காரர் சங்கிலியோட இறங்கினார். ஹால்ல சிவப்பு மட்டும்தான். அவர் முகம் மலர்ந்துடுச்சு. "எனக்கு வேண்டியதே இதுதான்! வாலோட இருக்கறதையெல்லாம் தள்ளிவிட்டு நல்லதை எனக்கு வெச்சிருக்கீங்களே!" குனிஞ்சு தூக்கினார். சிவப்புக்கு ஆள் பேதம் கிடையாது, வால் இல்லாததால பின்பக்கம் முழுக்க ஆட்டிச்சு. என் தம்பிக்கு முகம் செத்துப் போச்சு. குடுத்தது அவன் வாக்கு. அவளும், "மிச்சம் இருந்தா உங்க இஷ்டம்"னு சொன்னவ. சொன்ன சொல் மாறாதவ. மெஷின் பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கறா. அவரைப் பார்க்கல, குட்டியைப் பார்க்கல. என்னைப் பார்த்தா.

"கீழ விடுங்க"ன்னேன்.

"என்னம்மா?"

"காது கேட்கலையா? கீழ விடுங்க. அது மிச்சம் இல்ல. அதுக்கு வீடு இருக்கு."

"யார் வீடு?"

"என் ரூம்."

என் தம்பி வாயைப் பொளந்துட்டான். "அக்கா, உனக்குத்தான் நாயே ஆகாதே!"

"ஆகாதுன்னு யாருடா சொன்னா?"

"நீதான்! தினம் நாலு தடவை!"

"இனிமே சொல்லல. போடா."

கடைக்காரர், "வாக்குன்னா வாக்கு"ன்னு இழுத்தார். "மிச்சம் இருந்தாத்தானே வாக்கு? மணி இன்னும் பத்து ஆகல"ன்னேன். சுவர்க் கடிகாரத்துல ரெண்டு நிமிஷம் பாக்கி இருந்தது. அவர் கீழ விட்டார். சிவப்பு நேரா வந்து என் கால் மேல உக்காந்துடுச்சு.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அவ விடல. தாளை எடுத்துக்கிட்டு என் முன்னால வந்து நின்னா. கடைக்காரர் நிக்கறார், தம்பி நிக்கறான், பேன்ட் வாங்க வந்த ஒருத்தர் வேற நிக்கறார்.

"சங்கிலி போடுவீங்களா?"

"மாட்டேன்."

"எங்க தூங்கும்?"

"என் கட்டில் பக்கத்துல." அவ அசையல. "சரி, கட்டில் மேல."

"எதையாவது வெட்டுவீங்களா?"

அந்தக் கேள்வியை வழக்கமாக் கேட்கற குரல்லதான் கேட்டா. எட்டு வீட்டுல எட்டு பேர் பளிச்சுன்னு பதில் சொன்ன கேள்வி. பன்னெண்டு வாரமா வராத வாய் அப்பத்தான் வந்தது. "தப்பு பண்ணிட்டேன்மா. உன்னைக் கேட்காம அதைப் பிடிச்சுக் குடுத்தது தப்பு. என்னை மன்னிச்சுடு."

அவ தாளை இறக்கல. மேஜை மேல இருந்த பேனாவை எடுத்து எங்கிட்ட நீட்டினா.

"அதை எழுதிக் குடுங்க அண்ணி"ன்னா.

எழுதினேன். நாலு வரிக்குக் கீழ அஞ்சாவதா என் வரியையும் சேர்த்து எழுதி, சர்வீஸ்ல போடற மாதிரி பேரும் தேதியும் முழுசா எழுதி, கையெழுத்துப் போட்டேன். அவ தாளை வாங்கி மத்த எட்டோட வெச்சுக் குத்தினா. அப்புறம் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, கடைக்காரரைப் பார்த்து, வீடே அதிர்ற மாதிரி, "ஒன்பது!"ன்னு கத்தினா.